அம்மா தனியாக இருந்த சனிக்கிழமை

முப்பத்தொரு வயதில், வீட்டைவிட்டுப் போய்த் தனியாக இருக்கப்போகிறேன் என்று சொல்வதற்காக நான் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன். அம்மா அழுவார். அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய்க் காரைத் துடைப்பார். கடைசியில், "கல்யாணம் ஆகாத பொம்பளப் பிள்ள" என்று தொடங்கும் ஒரு நீளமான பேச்சு வரும். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

காரணமும் நல்ல காரணம்தான். வீடு புக்கிட் ரோத்தானில். வேலை புக்கிட் செந்தோசாவில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்பது என் தொழில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி முன்னால் மாட்டிக்கொண்டால் அதற்கும் மேல். ஆனால் எங்கள் வீட்டில் லோரியைக் குறை சொல்ல முடியாது. அப்பா தோட்டத்தில் பழ லோரி ஓட்டித்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். "லோரி மெதுவாத்தான் போவும். நீ சீக்கிரமா கெளம்பு" என்பதுதான் எல்லாவற்றுக்கும் அவருடைய தீர்ப்பு.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவர், ஊற்றி முடித்துவிட்டுக் கேட்டார்.

"எப்ப போற?"

"அடுத்த மாசம்."

"மாச ஆரம்பத்துலயா, கடைசியிலயா?"

"ஆரம்பத்துல."

"சரி. அந்தக் கட்டில எடுத்துட்டுப் போறியா, இங்கயே விட்டுட்டுப் போறியா?"

அவ்வளவுதான். அப்பா வழக்கம்போல இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். ஒத்திகை பார்த்த பதில்களில் ஒன்றுகூடச் செலவாகவில்லை. அன்றைக்கு அழுதது நான்தான், குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு.

கடையில் என்னுடன் வேலை செய்கிற பெண்கள் ஒரு குவளை வாங்கிக் கொடுத்தார்கள். அதில் ஒரு பறவைப் படம். கீழே 'ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்' என்று வளைத்து வளைத்து எழுதியிருந்தது. சாமான்களைக் கட்டும்போது அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"என்னா போட்டிருக்கு?"

"சிறக விரின்னு போட்டிருக்கும்மா. தனியா போயி, புதுசு புதுசா எதையாவது செஞ்சு பாருன்னு அர்த்தம்."

"கோழிக்கும்தான் சிறகு இருக்கு. விரிச்சா எங்க போவுது, பக்கத்து வீட்டு வேலி வரைக்கும்" என்று சொல்லிக்கொண்டே, உடையாமல் இருக்க என் பழைய பனியன் ஒன்றில் அதைச் சுற்றி வைத்தார்.

நான் வாடகைக்கு எடுத்தது, புக்கிட் செந்தோசாவில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசையாக ஒட்டிக்கட்டிய வீடுகளில் ஒன்று. சின்ன ஹால், இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு, அதற்குப் பின்னால் ஒரு சந்து. பக்கத்து வீட்டில் ஒரு மக்சிக். வயதான மலாய்க்கார அம்மா, கணவர் இல்லை, பூனைகள் நிறைய. முதல் நாளே எந்தக் கிழமை குப்பை எடுப்பார்கள், எந்தப் பூனைக்குச் சோறு போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தனியாக இருப்பதைப் பற்றி நான் பெரிய கற்பனை வைத்திருந்தேன். ஹாலில் ஒரு சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடிப்பேன். கேக் செய்யக் கற்றுக்கொள்வேன். சாயங்காலம் சைக்கிள் ஓட்டுவேன். சுவருக்கு வண்ணம் அடித்தேன். காய்ந்த பிறகு அது மஞ்சளாக இல்லை, கடுகு அரைத்துப் பூசியதுபோல இருந்தது. கேக் நடுவில் குழி விழுந்தது. அந்தக் குழியில் சாக்லேட்டை ஊற்றிச் சமாளித்தேன். சைக்கிளில் இரண்டாம் நாள் தாமான் பிள்ளைகள் எல்லாரும் பார்க்கும்படி லோங்காங்கில் விழுந்து, முழங்கால்வரை சாக்கடைத் தண்ணீரோடு எழுந்தேன். ராத்திரியில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். இதையெல்லாம் வீட்டில் சொல்லவில்லை. தம்பி ஜொகூரிலிருந்து போன் செய்து, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டால், "ஃப்ரீயா இருக்குடா" என்பேன்.

உண்மையில் எனக்கு இருந்த ஒரே குறை நாக்குதான். கடைச் சாப்பாடு அலுத்துப்போய்விட்டது. அம்மாவின் மீன் குழம்பு கனவில் வந்தது. ஆறு வாரம் கழித்து, ஒரு லீவு நாளில், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனேன். திடீரென்று வாசலில் போய் நின்றால் அம்மா உருகிப்போவார் என்று நினைப்பு.

வீடு பூட்டியிருந்தது.

போன் செய்தேன். எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கவில்லை. வெயிலில் காருக்குள் உட்கார்ந்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக மனத்தில் போய்வந்தேன். நல்ல மத்தியானத்தில் அப்பாவின் கார் வந்து நின்றது. இரண்டு பேரும் தொப்பி போட்டிருந்தார்கள். அம்மாவைத் தொப்பியோடு நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"எங்கம்மா போனீங்க?"

"கோலசிலாங்கூர் மலைக்கு. கொரங்கு பாக்க."

"கொரங்கா?"

"அந்தச் சாம்பல் கலர்ல இருக்குமே, குட்டி மட்டும் தங்கமாட்டம் மஞ்சளா இருக்கும். ஒங்க ரெண்டு பேரையும் ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. எங்கள யாரு கூட்டிட்டுப் போனா? இத்தன வருஷமா பக்கத்துலயே இருக்கு."

அப்பா தன் தோளைக் காட்டினார். சட்டையில் ஒரு சின்னக் கையின் அழுக்குத் தடம். "மேல ஏறி உக்காந்துருச்சு" என்றார். அவர் அவ்வளவு பெருமையாக ஒரு விஷயத்தைச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

நான் நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். அடுப்பின் மேல் நாளிதழ் விரித்து, அதன்மேல் ஒரு பூச்சாடி இருந்தது.

"அம்மா, என்ன இது?"

"கேஸ் முடிஞ்சி போச்சு."

"எப்ப?"

"நீ போன மறுவாரம்."

"கேஸ்காரருக்குச் சொல்லலியா?"

"சொல்லல."

அம்மா சோபாவில் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டார். பள்ளிக்கூட கேண்டீனில் அவர் வருடக்கணக்காகச் சமைத்தவர். விடியும் முன்னால் எழுந்து, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மீ நூடுல்ஸ் பிரட்டி, இனிப்புத் தண்ணீர் கலக்கி, வீட்டுக்கு வந்து எங்களுக்குத் தனியாக ஆக்கியவர். ஓய்வுபெற்ற பிறகும் நான் இருந்தவரை இரண்டு வேளை அடுப்பு எரிந்தது.

"எனக்குச் சமைக்கப் புடிக்கும்னு நெனச்சியா?" என்று கேட்டார். கோபமில்லை. நான் கடையில் வில்லையை மாற்றிப் போட்டுக் கேட்பேனே, அந்த மாதிரி ஒரு கேள்வி.

"புடிக்காதா?"

"புடிக்காதுன்னு இல்ல. புடிக்குதா இல்லையான்னு யோசிக்க நேரமே இல்ல. இப்பதான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

காலையில் கடையில் நாசி லெமாக்கோ ரொட்டி சானாயோ சாப்பிட்டுப் பசியாறுவது, மத்தியானம் வாழையிலைச் சோறு கட்டி வருவது, ராத்திரி பழமும் ரொட்டியும். இதுதான் ஏற்பாடு என்றார். அப்பாவைப் பார்த்தேன். "எனக்கு ஒன்னும் பிரச்சன இல்ல" என்றார், சாலையில் மேடு பள்ளம் பார்த்து லோரியைத் திருப்புகிறவர் மாதிரி கவனமாக.

என் அறையை எட்டிப் பார்த்தேன். கட்டிலை விட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். அதைக் காணோம். ஜன்னலைப் பார்த்த மாதிரி ஒரே ஒரு நாற்காலி மட்டும் கிடந்தது.

அப்பா என் பின்னால் வந்து நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மத்தியானம் ஆனா கதவச் சாத்திக்கிட்டு இங்க உக்காந்துக்கிறா. உள்ள என்னா பண்றன்னு கேட்டா, உக்காந்துருக்கேன்றா."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் வெளிய உக்காந்துருப்பேன்."

அன்றைக்கு வாழையிலைச் சோறுதான் சாப்பிட்டோம். நான் கிளம்பும்போது அம்மா காருக்குப் பக்கத்தில் வந்தார். அப்பா உள்ளே இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஒன் வீட்ல நான் ஒரு நாள் வந்து இருக்கட்டுமா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கடைசியில் அம்மாவுக்கு என் ஞாபகம் வந்துவிட்டது. "ஒரு நாள் என்னம்மா, பத்து நாள் வந்து இரு."

"ஒரு நாள் போதும். நீ இல்லாதப்போ."

புரியவில்லை. அம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நான் பொறந்தது தோட்டத்து லயத்துல. ஒரு வீட்டுக்குள்ள பதினோரு பேரு. திரும்பிப் படுக்கணும்னா பக்கத்துல இருக்கறவளையும் திருப்பணும். கல்யாணம் ஆயி வந்தா, அங்க ஒங்கப்பா வீட்டு ஆளுங்க. அப்புறம் நீங்க. இப்ப ஒங்கப்பா. ஒரு வீட்டுக்குள்ள நான் மட்டும்னு ஒரு ராத்திரி கூட இருந்ததில்ல. அது எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாக்கணும்."

"அப்பாவ எங்கயாவது அனுப்பிட்டு இங்கயே இருக்கலாமே?"

"அவரு எங்க போவாரு? போனாலும் ஒம்பது மணிக்குத் திரும்பி வந்துருவாரு. அப்படியே வரலன்னாலும் எதுத்த வீட்டுக்காரி பாய தூக்கிட்டுத் தொணைக்கு வந்துருவா."

"பயமா இருக்காதாம்மா?"

"இருக்கும். அதையுந்தான் பாக்கணும்."

ஒரு சனி, ஞாயிறு லீவு எடுத்தேன். சனிக்கிழமை காலையில் அப்பா அம்மாவைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். அம்மா கையில் ஒரு சின்னப் பை, தோளில் கைப்பை. அப்பா வீட்டைச் சுற்றி வந்து எல்லாப் பூட்டுகளையும் இழுத்துப் பார்த்தார். ஜன்னல் கம்பியைத் தட்டினார். பின் சந்துக்குப் போய் ஒரு நாயை முறைத்துவிட்டு வந்தார். நான் அம்மாவுக்குச் சுடுதண்ணீர்க் குழாய், விசிறி விசை, டிவி எல்லாம் காட்டினேன். ஹோட்டலில் பெட்டி தூக்கி வந்தவன் பேசுவதைக் கேட்கிற மாதிரி அம்மா தலையாட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சுவரை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்னா கலரு?"

"மஞ்சள்."

"சரி" என்றார். பிறகு, "நீங்க கெளம்புங்க லா" என்றார்.

அப்பா இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "தண்ணி எடுத்து வச்சுக்க" என்றார். அம்மா சரி என்றார். "போன் சார்ஜ்ல போட்டுக்க." சரி. "ராத்திரி யாராவது தட்டுனா…" அம்மா கம்பிக் கதவை இழுத்து மூடி, உள்ளேயிருந்து பூட்டைப் போட்டுவிட்டு, கம்பிக்கு நடுவில் கையை விட்டு ஆட்டினார்.

அவர் காரிலும் நான் என் காரிலுமாகப் புக்கிட் ரோத்தான் போனோம். அப்பா முன்னால் போனார். எந்த லோரியையும் முந்தவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். அப்பாவும் நானும் மட்டும் ஒரு வீட்டில் இருந்தது எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை. பேச்சு அம்மா வழியாகத்தான் போய்வரும். கொஞ்ச நேரம் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தோம்.

"நண்டு வாங்கலாமா பாப்பா?" என்றார்.

முப்பத்தொரு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மீனவர் ஊரான பாசிர் பெனம்பாங் போனோம். அப்பா நண்டைத் தூக்கிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, சீனக் கிழவியிடம் மலாயில் பேரம் பேசி, சுத்தம் செய்து வாங்கிவந்தார். இரண்டு பேரும் உற்சாகமாகச் சமையல்கட்டுக்குள் நுழைந்தோம். அடுப்பின் மேல் பூச்சாடி இருந்தது.

"ஆமா, கேஸ் இல்ல" என்றார் அப்பா. ஏதோ இப்போதுதான் கேள்விப்பட்ட மாதிரி.

கேஸ்காரருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, ஊர்லதான் இருக்கீங்களா? வீட்ட வித்துட்டுப் போயிட்டீங்கன்னு பேசிக்கிட்டாங்க" என்று சத்தமாகக் கேட்டது. அரை மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் கேஸ் வந்தது.

பிறகுதான் உண்மையான சிக்கல். அலமாரியில் ஒரே மாதிரி டின்கள், ஒன்றிலும் பெயர் இல்லை. எல்லாத் தூளும் எல்லாத் தூள் மாதிரியே இருந்தது. அப்பா போனை எடுத்தார்.

"அம்மாவ விடுங்கப்பா. தனியா இருக்கணும்னுதானே போனாங்க."

"தொந்தரவு பண்ணல. படம் மட்டும் அனுப்புறேன்."

நண்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கட்டைவிரல் ஒன்று வந்தது. தைரியம் வந்து, 'மிளகாய்த்தூள் எது, மல்லித்தூள் எது' என்று குரலில் கேட்டு அனுப்பினார். இரண்டு கோடும் நீலமாயிற்று. பதில் வரவில்லை. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றார்.

"கேட்டுட்டா" என்றார். "கேட்டுட்டு, சும்மா இருக்கா."

கோபம் ஒன்றும் இல்லை அதில். குரங்கு தோளில் ஏறியதைச் சொன்னபோது இருந்த முகம்தான்.

முகர்ந்து பார்த்து நாங்களே முடிவு செய்தோம். நான் முகர்ந்து தும்மியது மிளகாய்த்தூள் என்று வைத்துக்கொண்டோம். மல்லி என்று அப்பா சொன்ன தூளும் மிளகாய்த்தூள்தான் என்பது வாயில் வைத்தபோது தெரிந்தது. அப்பா கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஒரு காலைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு லா" என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. தயிர் வாங்க ஓடினேன்.

சாப்பிட்ட பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது.

"அவ என்கிட்ட கேக்கல பாத்தியா" என்றார் அப்பா. "ஒன்கிட்டதான் கேட்டா."

"வீடு என்னோடதுப்பா, அதான்."

"அது இல்ல. என்னைய கேட்டிருந்தா, எதுக்கு இந்த வேண்டாத வேலன்னு சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தா அவ விட்டிருப்பா. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார். "இப்ப கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனா போயிட்டா. நல்லதுதான்."

அப்பா எழுந்து போய்க் காரைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புக்கிட் செந்தோசாவுக்குத் திரும்பினேன். அப்பாவும் வருவதாகச் சொன்னார். அம்மாவே, "பாப்பா மட்டும் வந்தா போதும்" என்று செய்தி அனுப்பியிருந்ததால் மனசில்லாமல் நின்றுவிட்டார். கம்பிக் கதவுப் பூட்டை என் சாவியால் திறந்தேன். மரக்கதவின் பூட்டையும் திறந்து தள்ளினேன். மூன்று விரல் அளவு திறந்து, முட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா?"

"வந்துட்டியா" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல். நிதானமாக இருந்தது.

"கதவு தெறக்க மாட்டேங்குது."

"சோபா இருக்கு."

இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் சோபா கதவை ஒட்டி நீளவாக்கில் கிடந்தது. அதன் மறுமுனை டிவி மேசையில் முட்டி இறுகியிருந்தது. சோபாவின் மேல் அரிசி மூட்டை, துணிக்கூடை, என் சைக்கிள். அம்மாவுக்கு இடுப்பு வலி என்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் போவோம். அந்த இடுப்பு இதையெல்லாம் எப்படித் தூக்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"நீ ஒதுங்கி நில்லும்மா, நான் தள்றேன்."

"தள்ளு."

தள்ளினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மக்சிக் பூனையோடு வந்தார். யார் உள்ளே என்று மலாயில் கேட்டார். என் அம்மா என்றேன். யார் அடைத்து வைத்தது என்று கேட்டார். அவரே என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் பூனையை இறக்கிவிட்டு என்னோடு சேர்ந்து தள்ளினார். நாங்கள் எண்ணிக்கொண்டு தள்ளினோம். திரும்பி முதுகால் தள்ளினோம். இன்னும் ஒரு விரல் திறந்தது. பூனை அந்த வழியாக உள்ளே போய்விட்டது.

இடுக்கில் அம்மாவின் முகம் தெரிந்தது. கையில் குவளை வைத்து எதையோ குடித்துக்கொண்டிருந்தார்.

"பின் வாசல் தெறந்துதானே கெடக்கு" என்றார். "நீ ஏன் இங்க வந்து மல்லுக்கட்டறன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அம்மா கையை நீட்டிக் காட்டிய திசை புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்கும்வரை காத்திருந்து, இரண்டு பேரும் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனோம். அம்மா மக்சிக்குக்கும் தேத்தண்ணி போட்டுக்கொடுத்தார். மலாயில் இரண்டு பேரும் இடுப்பு வலியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். மக்சிக் பூனையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, நான் வீட்டைப் பார்த்தேன்.

அம்மா எதையும் ஒழுங்குபடுத்தவில்லை. நான் வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டுப் போட்ட தட்டு அப்படியே தொட்டியில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அம்மாவின் தட்டும் கழுவாமல் கிடந்தது. அம்மா வந்து போனால் வீடு பளபளவென்று இருக்கும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது எனக்கு. அம்மா அதைக் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன்.

"நான் வேலைக்கு வரல" என்றார்.

"நான் ஒன்னும் சொல்லலியே. என்னம்மா பண்ண? சொல்லு."

அம்மா காலை மடக்கி நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க போனதும் ஹால் நடுவுல நின்னேன். என்ன பண்றதுன்னே தெரியல. நீ கழுவி வச்சிருந்த சட்டிய எடுத்துத் திரும்பக் கழுவினேன். அப்புறம்தான், ஏண்டி இத கழுவறன்னு எனக்கே தோணுச்சு. போட்டுட்டுப் படுத்துட்டேன். பட்டப்பகல்ல. யாரும் வந்து ஒடம்பு சரியில்லையான்னு கேக்கல."

சாயங்காலம் நடந்தே பாசார் மாலாமுக்குப் போயிருக்கிறார். அந்த இரவுச் சந்தையில் கடைகடையாக நின்று பார்த்திருக்கிறார். அப்பாம் பாலேக் என்ற மடிப்பு அப்பம் சுடுகிற கடையில் வரிசையில் நின்றிருக்கிறார்.

"கடக்காரப் பையன் எத்தன வேணும்னு கேட்டான். வாயில நாலுன்னு வந்துருச்சு. அவன் மடிக்க ஆரம்பிச்சுட்டான். இல்ல தம்பி, ஒன்னுன்னேன். ஒன்னுதானான்னான். ஒன்னுதான், நான் மட்டுந்தான்னு சொன்னேன். அவன்கிட்ட எதுக்கு அதச் சொன்னேன்னு தெரியல." அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நடந்துக்கிட்டே தின்னேன். யாருக்கும் பிச்சுக் கொடுக்கல. முழுசா ஒன்ன நான் தின்னதே இல்ல பாப்பா. ஓரம் மொறுமொறுன்னு இருக்குமே, அதத்தான் நீங்க ரெண்டு பேரும் பிச்சுக்கிட்டு ஓடிருவீங்க."

"அப்பா அனுப்புன செய்தி?"

"கேட்டேன். மிளகாத்தூளு எதுன்னு ஒங்கப்பாவுக்கு இந்த வயசுல தெரியாட்டி, எப்பத்தான் தெரியறது?"

"இந்த சோபா?"

"அதுவா. விளக்க அணைச்சுட்டுப் படுத்தனா, ஒன் ஐஸ்பெட்டி ஆள் மாதிரி தொண்டையக் கனைக்குது. எந்திரிச்சுப் பாத்தேன். அப்புறம் வெளிய ஏதோ நடந்துச்சு, பூனதான் போல. கொஞ்சம் தள்ளினேன். பத்தாதுன்னு பட்டுச்சு. அரிசி மூட்டைய வச்சேன். ஒன் சைக்கிள எடுத்து வச்சப்புறம் மனசு லேசாச்சு."

"பின் கதவு?"

"அது ஞாபகமே இல்ல. காலையில பாத்தா, தாப்பாளே போடல."

நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கொஞ்சம் யோசித்துப் பேசினார்.

"பயமாத்தான் இருந்துச்சு. வீட்லயும் பயந்திருக்கேன், ஒங்கப்பா லோரில போன நாள்ல எல்லாம். அப்பல்லாம் ஒங்களுக்காக பயப்படுவேன். பயத்த வெளிய காட்டக் கூடாது. நேத்து நான் எனக்காக மட்டும் பயந்தேன். நானே பயந்து, நானே சோபாவத் தள்ளி, நானே போயி நடுக் கட்டில்ல கையக் கால நீட்டிப் படுத்தேன். எப்பத் தூங்கினேன்னு தெரியல. கண்ண முழிச்சா வெயில் வந்துருச்சு."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார் அம்மா. கேட்டதற்குச் சொன்ன மாதிரி இல்லை அது. அப்போதுதான் அவருக்கே தெரிந்த மாதிரி இருந்தது.

சோபாவை இழுத்துப் போட எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல நேரம் பிடித்தது. வெயில் தணிந்ததும் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் பழ லோரி ஒன்று ஆடி ஆடிப் போனது. நான் முந்த அவசரப்படவில்லை. அம்மா கால்களை நீட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். தூங்கவில்லை.

"ஏம் பாப்பா, போர்ட்டிக்சன் பக்கம் கடலப் பாத்த மாதிரி ஹோட்டல் இருக்காம்ல?"

"நெறைய இருக்கும்மா."

"ஒரு பொம்பள தனியா போயி ரூம்பு கேட்டா, கேள்வி கேப்பாங்களா?"

"என்ன கேள்வி?"

"ஒன் புருஷன் எங்க, எதுக்கு வந்தன்னு."

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. ஐ.சி. மட்டும் கேப்பாங்க."

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தார். அடையாள அட்டையை எடுத்து, கையைத் தூரத்தில் நீட்டிப் பிடித்து, தன் படத்தைப் பார்த்தார். கண்ணாடி பவர் மாற்ற வேண்டும், அடுத்த வாரம் கடைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஐ.சி. இருக்கு" என்றார்.